கெட்டியா, தண்ணியா? ஈர மணல் முதல் தொதல் வரை ஒரு செய்முறை வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் அலை வந்து திரும்பிய ஈர மணலில் காலை அழுத்தி ஊன்றிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றியுள்ள மணல் சட்டென்று வெளுத்து, உலர்ந்ததுபோல் ஆகிவிடும். காலை எடுத்தால் அந்தத் தடத்திலேயே தண்ணீர் ஊறி நிற்கும்.

ராத்தா (அக்கா) மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "மாமா, மிதிச்சா தண்ணி வெளிய தானே வரணும்? இங்க உள்ள போகுது?" என்றான். உடம்புப் பாரம் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது தப்பான பதில் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தப்பைச் சரிசெய்யப் போய், மணல், சேறு, கடல்பாசி (அகர் அகர்), தொதல் என்ற அரிசி மாவு இனிப்பு, தார் என்று நீண்டதுதான் கீழே உள்ள செய்முறைகள். எல்லாமே எங்கள் கீழக்கரை வீட்டிலும் பக்கத்துக் கரைகளிலும் செய்து பார்த்தவை.

இவற்றுக்குப் பொதுப்பெயர் 'மென்பொருள்' என்று இருந்திருக்கலாம். அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே 'மெத்துப்பொருள்' என்கிறேன், ஆங்கிலத்தில் soft matter. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ழீல் தெ ஷேன் 1991-இல் நோபல் பரிசு வாங்கியபோது தன் உரைக்கு வைத்த தலைப்பே இதுதான். கல் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். நடுவில் கிடக்கும் பசை, களி, நுரை, கூழ், ஜெல்லி எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். பள்ளிக்கூடத்தில் படித்த திடம், திரவம், வாயு என்ற மூன்று பெட்டிக்குள் இவை அடங்காது. ஒரே பொருளிடம் வேகமாகக் கேட்டால் 'கெட்டி' என்கும், மெதுவாகக் கேட்டால் 'தண்ணி' என்கும். ஒவ்வொரு படியிலும் இந்த ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்.

தேவையானவை: மெல்லிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளிபுகும் குழாய் ஒரு முழம், கண்ணாடி டம்ளர்கள், கல் உப்பு, சோள மாவு, கடல்பாசி, உணவில் சேர்க்கும் கலர். தாரும் ஒரு ஓட்டுத் துண்டும் கடைசிப் படிக்கு.

படி 1: மிதித்தால் உலரும் மணல்

கரையில் பார்த்ததை வீட்டில் செய்து பார்க்கலாம். பாட்டில் மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகி, சுற்றிலும் எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள். பாட்டிலில் முதலில் பாதி தண்ணீர் ஊற்றி, அதற்குள் கடல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். இப்படிச் செய்தால் காற்றுக்குமிழி சிக்காது. கொட்டும்போதே பாட்டிலின் பக்கங்களில் விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். மணல் கழுத்து வரை வந்ததும் கலர் தண்ணீரை ததும்ப ஊற்றி மூடியைத் திருகினால் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஏறி நிற்கும். அந்த மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.

இப்போது பாட்டிலை இரண்டு கையாலும் அழுத்துங்கள். குழாயில் தண்ணீர் ஏறும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். அது இறங்கும்.

நான் முதல் தடவை செய்தபோது ஏறித்தான் தொலைத்தது. பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. காரணம், நான் மணலைத் தட்டவில்லை. தளர்வாகக் கிடக்கும் மணலை அழுத்தினால் அது இன்னும் நெருங்கும், தண்ணீர் வெளியேறும். ஏற்கெனவே நெருக்கமாக அடைந்த மணல் அப்படி இல்லை. அதன் உருவத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு மணி இன்னொரு மணியின் தோளில் ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது நடுவில் உள்ள இடைவெளி பெருகும். பெருகிய இடத்தை நிரப்பத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். கரையில் அலை தட்டித் தட்டி மணலை நெருக்கமாக அடுக்கிவைத்திருக்கிறது. நம் கால் அந்த அடுக்கைக் குலைக்கிறது, மேலே இருந்த தண்ணீர் இடைவெளிக்குள் இறங்குகிறது. காலை எடுத்ததும் மணிகள் மறுபடி நெருங்க, மிஞ்சிய தண்ணீர் தடத்தில் ஊறுகிறது. இதை 1885-இல் விளக்கி எழுதியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். அவரும் மணல் நிரப்பிய ரப்பர் பையைத்தான் அழுத்திக் காட்டினார்.

மணல் வீடு கட்டுவதைப் பற்றி ஒரு வரி. முற்றிலும் காய்ந்த மணலும் நிற்காது, தண்ணீரில் மூழ்கிய மணலும் நிற்காது. நடுவில் லேசான ஈரம் வேண்டும். மணிக்கும் மணிக்கும் இடையில் குட்டிக் குட்டித் தண்ணீர்ப் பாலங்கள் உண்டாகி, அவற்றின் பரப்பு இழுவிசை மணிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. தண்ணீர் கூடினால் பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து பிடி விட்டுப்போகும்.

படி 2: கண்மாய்த் தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஊருணியிலோ கண்மாயிலோ கலங்கல் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துவாருங்கள். மழை இல்லாத மாதமென்றால் களிமண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, மேலாக நிற்கும் கலங்கலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி கல் உப்பைப் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். மற்றதையும் உப்பு போடாமல் அதே அளவு கலக்கிவிட வேண்டும். அப்போதுதான் ஒப்பிடுவது நியாயம்.

பத்து நிமிடத்தில் வேலை தெரியும். உப்பு போட்ட டம்ளரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ரவைபோலத் திரள்கள் தெரியும். சின்னச் சின்னப் பிசிறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, ஆடி ஆடி இறங்கும். கொஞ்ச நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். உப்பு போடாத டம்ளர் மறுநாள் காலையிலும் கலங்கியே இருக்கும்.

களிமண் துகள் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம். பிறகு ஏன் மூழ்காமல் தொங்குகிறது? அளவுதான் காரணம். துகள் சிறுக்கச் சிறுக்க, இறங்கும் வேகம் அளவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பத்தில் ஒரு பங்கு அளவென்றால் நூறில் ஒரு பங்கு வேகம். ஒரு மைக்ரான் துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு நாளில் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்கும் சிறியதைத் தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளி ஆட்டிக்கொண்டே இருக்கும். ராபர்ட் பிரவுன் 1827-இல் நுண்ணோக்கியில் பார்த்த ஆட்டம் இது. 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கினார்.

சரி, உப்பு என்ன செய்கிறது? களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதனால் ஒன்றையொன்று தள்ளிவிட்டுத் தனித்தனியாகவே மிதக்கும். உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்து அந்தத் தள்ளலை மறைத்துவிடும். துகள்கள் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை பெரிதாகி இறங்கும்.

தேத்தாங்கொட்டை கிடைத்தால் மூன்றாவது டம்ளரும் வையுங்கள். கொட்டையைக் கரடுமுரடான கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்து, அந்த விழுதைக் கலக்க வேண்டும். ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இந்த மாவட்டத்தில் பானையின் உள்பக்கம் கொட்டையை உரைத்துத் தெளியவைத்தது பாட்டிமார்களுக்கு அன்றாட வேலை. இங்கே ஒட்டவைப்பது உப்பல்ல. கொட்டையில் உள்ள நீண்ட மூலக்கூறுகள் துகள்களைக் கோத்துக் கட்டுகின்றன. ஒன்று மட்டும்: தெளிந்த தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீர் என்று பொருளல்ல. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

இதே செய்முறையை வைகை பெரிய அளவில் செய்கிறது. வெள்ளக் காலத்தில் பெரிய கண்மாய்க்குப் போக மிஞ்சிய தண்ணீர் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் கடலைத் தொடும்போது, அதுவரை சுமந்துவந்த வண்டல் உப்புத் தண்ணீரில் திரண்டு விழுகிறது. அடுத்த படிக்கு வேண்டிய சேறு இப்படி வந்ததுதான்.

படி 3: சேற்றில் மாட்டிய கால்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அலையடிக்கும் ஆண் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். அலை குறைவு, ஆழம் குறைவு, சேறு அதிகம். தொண்டிப் பக்கமோ காரங்காட்டு அலையாத்திக் காட்டோரமோ போனால் நல்ல சேறு கிடைக்கும்.

ஒரு டம்ளரில் சேற்றை எடுத்துவந்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மெதுவாகச் சாய்த்தால் அசையாது. ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டுச் சாய்த்தால் கூழாக வழியும். மறுபடி ஓய்வு கொடுத்தால் மறுபடி இறுகும். களிமண்ணின் தட்டையான துகள்கள் உப்புத் தண்ணீரில் சீட்டுக்கட்டு வீடுபோல ஒன்றின் விளிம்பில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கலக்கினால் வீடு சரியும், விட்டுவைத்தால் தானாக எழும். தக்காளி சாஸைத் தட்டினால் மொத்தமாகக் கொட்டுவதும் பற்பசை பிதுக்கினால் மட்டும் வருவதும் இந்தச் சாதிதான்.

புதைசேறு ஆளை முழுங்கிவிடும் என்பது சினிமாக் கதை. 2005-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணல், களிமண், உப்புத் தண்ணீர் மூன்றையும் கலந்து அளந்து பார்த்தார்கள். அந்தச் சேற்றின் அடர்த்தி மனித உடம்பைப்போல இரண்டு மடங்கு. ஆகவே இடுப்பளவுக்கு மேல் புதைய வழியில்லை, மிதந்துவிடுவோம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கால் இறங்கியதும் அடியில் மணல் இறுகிக் கட்டிவிடும். வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை இழுக்க வேண்டுமானால், ஒரு காரைத் தூக்கும் அளவு பலம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி மாட்டிக்கொண்ட நேரத்தில் கடல் ஏறினால்தான் மோசம்.

எனவே மாட்டினால் இழுக்காதீர்கள். பின்னால் சாய்ந்து பாரத்தைப் பரப்புங்கள். காலைச் சின்னச் சின்னதாக ஆட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கி இளகவைக்கும். பிறகு மெல்ல உருவலாம். தனியாகப் போவதும் கூடாது. சேற்றில் நடப்பது அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கே தொழில்போலப் பழகிய விஷயம்.

படி 4: சோள மாவு

இது பிள்ளைகளுக்காக, சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு பங்கு சோள மாவுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர். விரலை மெதுவாக விட்டால் மோர்போல இறங்கும். குத்தினால் கல். சேற்றுக்கு நேர் எதிர்க் குணம். சேறு கலக்கினால் இளகும், இது கலக்கினால் இறுகும். வேகமாகத் தள்ளும்போது மாவு மணிகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் விலக நேரமில்லாமல் மணிகள் நேரடியாக உரசிப் பூட்டிக்கொள்கின்றன. முடிந்ததும் இதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். குழாய் அடைத்து நான் வாங்கிய பேச்சு போதும்.

படி 5: கடல்பாசி

நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி இல்லாத இஃப்தார் குறைவு. கடையில் வெள்ளைத் தும்பாக விற்கும் அது, கடலுக்குள் வளரும் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று பெயர் சொல்லி, தீவுகளின் ஓரம் முங்கி எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முகத்தில் கண்ணாடி, காலுக்குச் செருப்பு, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்குவார்கள். 1986-இல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவானபின் அவர்கள் பாடு இன்னும் சிக்கலானது. ஜெல்லியைக் கரண்டியில் எடுக்கும்போது எனக்கு அந்த விரல் துணிதான் நினைவுக்கு வரும்.

செய்முறை: 10 கிராம் கடல்பாசியை அரை மணி ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். சூடானால் மட்டும் போதாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். ஒரு தும்புகூடத் தெரியாமல் கரைந்த பிறகு அடுப்பை அணையுங்கள். எலுமிச்சை சேர்ப்பதானால் அணைத்த பிறகு, சூடு தணிந்ததும்தான். ஒரு தடவை நான் எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்தே கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தும் சர்பத்தாகவே இருந்தது. கொதிநிலையில் புளிப்பு, பாசியின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, என்னது இது?" என்று மட்டும் கேட்டார்.

40 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் அது உறையும். இப்போது உறைந்த துண்டு ஒன்றைக் கை பொறுக்காத சுடுதண்ணீரில் போடுங்கள். உருகாது. ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். உறையும் சூடு ஒன்று, உருகும் சூடு வேறு. பனிக்கட்டிக்கு இப்படி இல்லை. ஆறும்போது மூலக்கூறுகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்குகள் கத்தையாகச் சேர்கின்றன. தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்தது மாதிரி. திரிப்பது எளிது, கத்தையைப் பிரிப்பதற்குத்தான் கூடுதல் சூடு. விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டின் 35 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை மாதத்து இராமநாதபுரத்தில் அதை மேசையில் வைக்க முடியாது. இதே தொல்லைதான் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கவும் இருந்தது. ஜெலட்டின் இளகும், கிருமிகள் அதைத் தின்று கரைக்கவும் செய்யும். ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி தன் சமையலறை அனுபவத்திலிருந்து கடல்பாசியை எடுத்துக்கொடுத்தார். 1882-லிருந்து ஆய்வகங்களில் அதுதான் புழக்கம்.

அடுத்து முக்கியமான சோதனை. கண்ணாடி டம்ளரில் உறைந்த ஜெல்லியின் மேல் கலர் ஒரு சொட்டு விட்டு, மூடி வைத்து, டம்ளரின் வெளிப்பக்கம் கோடு போட்டு வாருங்கள். முதல் மில்லிமீட்டர் இறங்கச் சுமார் கால் மணி. ஒரு சென்டிமீட்டர் இறங்க ஒரு நாளுக்கும் மேல். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். பிரவுன் பார்த்த அந்தக் குருட்டு ஆட்டத்துக்கு இதுதான் கணக்கு. அசையாத சுத்தத் தண்ணீரிலும் கலர் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் பரவும். ஏனென்றால் இந்த ஜெல்லியில் 99 சதவீதம் தண்ணீரே. பாசி வலை, தண்ணீர் அதன் கண்களில் நிற்கிறது. விரலுக்கு அது கெட்டி. கலரின் மூலக்கூறுக்கு அது வெறும் தண்ணீர்.

ஒரு துண்டைத் தட்டில் மறந்துவிட்டால் அடியில் தண்ணீர் கசிந்து கிடக்கும். கெட்டுப்போகவில்லை. வலை மெல்ல மெல்ல இறுகித் தண்ணீரைப் பிழிகிறது.

இங்கே கடல் அட்டையைச் சொல்லாமல் போக மனமில்லை. தொட்டால் மெத்தென்றிருக்கும் உடம்பை வினாடிகளில் விறைப்பாக்கிக்கொள்ளும், வேண்டுமானால் இளகவும் செய்யும். தோலுக்குள் இருக்கும் நார்களை ஒன்றோடொன்று பூட்டுவதும் திறப்பதும் அதன் கையில் இருக்கிறது. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் பார்த்து, ஈரம் பட்டால் இளகும் பிளாஸ்டிக் செய்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். 2001 முதல் கடல் அட்டை பிடிப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

படி 6: தொதல் கிண்டும்போது கவனிக்க வேண்டியவை

அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. அளவு வீட்டுக்கு வீடு மாறும், அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் டோடோல் என்பார்கள். மரக்கலம் ஏறி வந்த பண்டம். சட்டியை மட்டும் பாருங்கள்.

தொடக்கத்தில் அது தண்ணீரில் மிதக்கும் மாவு, கண்மாய்க் கலங்கல் மாதிரிதான். 65, 70 டிகிரியைத் தாண்டும்போது மாவு மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி வெடிக்கும், கரண்டி சட்டென்று கனக்கும். அந்த ஒரு நிமிடம் கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உண்மையில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைப் புரதம் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கும். தண்ணீர் குறையக் குறைய அந்த வேலி உடையும், துளிகள் சேரும், சட்டி ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். "எண்ணெய் கக்கிருச்சு, இறக்கு" என்று உம்மா சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

ஆறிய தொதலை விரலால் சட்டென்று குத்திவிட்டு எடுங்கள், பள்ளம் எழும்பிவிடும். அதே விரலை ஒரு நிமிடம் அழுத்தி வைத்துவிட்டு எடுங்கள், பள்ளம் அப்படியே நிற்கும். ரப்பரும் தேனும் ஒரே துண்டுக்குள்.

படி 7: தார்

மரப் படகின் அடியில் பூசுகிற தாரில் உறைந்த கட்டி ஒன்று வேண்டும். துணியில் சுற்றிச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோலச் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதில் ஒரு சில்லைச் சாய்ந்த ஓட்டின் மேல் வைத்து, அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தேதி எழுதி விட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் ஒரு புனலில் இதுபோன்ற நிலக்கீலை ஊற்றி, மூன்று ஆண்டு படியவிட்டு, 1930-இல் அடியைத் திறந்தார். ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014-இல். தண்ணீரைவிட 23,000 கோடி மடங்கு பிசுபிசுப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பொருள் தன்னைத் தளர்த்திக்கொள்ள எடுக்கும் நேரத்தை, நாம் பார்க்கும் நேரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு மார்க்கஸ் ரைனர் 1964-இல் தெபொராள் எண் என்று பெயர் வைத்தார். விவிலியத்தில் தெபொராள் பாடும் பாட்டில் மலைகளே இறைவன் முன் உருகி ஓடுகின்றன. அவ்வளவு நேரம் காத்திருப்பவருக்கு மலையும் ஓடும். எண் ஒன்றைவிடப் பெரிதானால் நமக்குக் கெட்டி, சிறிதானால் தண்ணி. மிதித்த மணலையும் குத்திய சோள மாவையும் தொதல் பள்ளத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். மணலுக்கும் மாவுக்கும் கணக்கு கொஞ்சம் முரண்டும், தொதலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

எங்கள் ஓடு மாடிச் சன்னலில் இருக்கிறது. வைத்தது தை மாதம். பங்குனி வரை ஒரு நூல்கூட நகரவில்லை, பையன் அலுத்துப்போய் மறந்துவிட்டான். கத்திரி வெயிலில் ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போன ராத்தா கீழே குரல் கொடுத்தாள், சில்லின் மூக்கு கோட்டைத் தாண்டிவிட்டது என்று.